எதை இழந்தான் ழான் வல்ழான்?

(ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதிய கட்டுரை)



போன மாதம் வகுப்பில் தமிழய்யா ஒரு கேள்வி கேட்டார். "கதையில வர்ற நாயகன் நல்லவன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

ஆளுக்கு ஒரு பதில் சொன்னோம். "பத்துப் பேரை அடிப்பான் ஐயா" என்றான் ஒருவன். "கடைசியில அவன்தான் ஜெயிப்பான்" என்றாள் ஒருத்தி. "கதை எழுதினவரே நல்லவன்னு எழுதியிருப்பாரு" என்றேன் நான். ஐயா சிரித்துவிட்டு, "அவன் என்ன பேசுறான்னு பார்க்காதீங்க. எதை விட்டுக்கொடுக்கிறான்னு பாருங்க. எதை இழந்தாலும் பரவாயில்ல, இதை மட்டும் விட மாட்டேன்னு ஒண்ணு வச்சிருப்பான். அதுதான் அவன் மனசு" என்றார். அதை வைத்துச் சுவரிதழுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்.

நான் எடுத்துக்கொண்ட நாயகன் ழான் வல்ழான். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் ஜீன் வால்ஜீன் என்பார்கள். ஆள் ஒருவர்தான்.

நூலும் ஆசிரியரும்

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ (1802-1885) எழுதிய நாவல் 'லே மிசராப்ல'. இது 1862ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது ஹ்யூகோ தன் சொந்த நாட்டிலேயே இல்லை. பிரான்சின் ஆட்சியாளரை எதிர்த்ததால் நாட்டை விட்டு வெளியேறி, கெர்ன்சி என்ற தீவில் இருந்தார். அப்படி நாட்டுக்கு வெளியே இருந்தபோதுதான் இந்த நாவலை எழுதி முடித்தார்.

தமிழில் இதைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் கொடுத்தார். 1950இல் அதே பெயரில் சினிமாவாகவும் வந்தது. நாயகனாக நாகையா நடித்தார். நாயகனை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன். அந்த வேடத்தில் அவர் பெற்ற புகழால் கடைசிவரை 'ஜாவர் சீதாராமன்' என்றே அழைக்கப்பட்டார். எங்கள் தாத்தாவிடம் புத்தகத்தைக் காட்டியபோது, கதையைச் சொல்லாமல் முதலில் இதைத்தான் சொன்னார்.

கதைச் சுருக்கம்

ழான் வல்ழான் மரம் கழிக்கும் கூலித் தொழிலாளி. அப்பா அம்மா இல்லை. அவனை வளர்த்த அக்கா, கணவனை இழந்தவள். அக்காவுக்கு 7 பிள்ளைகள். 1795ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வேலையும் இல்லை, வீட்டில் ரொட்டியும் இல்லை. ரொட்டிக் கடையின் கண்ணாடியை உடைத்து ஒரே ஒரு ரொட்டியைத் திருடினான். 5 ஆண்டு தண்டனை கிடைத்தது. இடையில் தப்பிக்கப் பார்த்ததால் தண்டனை கூடிக்கூடி 19 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு ரொட்டிக்கு 19 வருஷம்! 1815இல் விடுதலையாகி வரும்போது அவன் கையில் மஞ்சள் நிறச் சீட்டு ஒன்று இருந்தது. 'இவன் சிறைக்குப் போய் வந்தவன்' என்று எல்லாருக்கும் காட்டிக்கொடுக்கும் சீட்டு. அதனால் எந்தச் சத்திரத்திலும் அவனுக்குச் சோறும் இல்லை, படுக்க இடமும் இல்லை.

ஒரு வயதான பாதிரியார் மட்டும் கதவைத் திறந்து, தன் மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். இவனோ அன்று இரவே அவர் வீட்டு வெள்ளிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தபோது பாதிரியார், "இதெல்லாம் நான் கொடுத்ததுதான், மெழுகுவத்தித் தண்டுகளையும் கொடுத்தேனே, அதை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்கிற மாதிரி பேசி, அந்த இரண்டு வெள்ளித் தண்டுகளையும் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். இந்தக் கதையில் முதல் தியாகம் அந்தப் பாதிரியாருடையதுதான். அவருக்கு வெள்ளியைவிட ஒரு மனிதன் பெரியவனாகத் தெரிந்திருக்கிறான்.

அதன் பிறகு ழான் வல்ழான் பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஊரில் குடியேறினான். அங்கே கறுப்பு மணிகள் செய்யும் தொழிலில் ஒரு புது வழி கண்டுபிடித்துத் தொழிற்சாலை கட்டினான். ஊரே பிழைத்தது. 1820இல் அந்த ஊரின் மேயராகவும் ஆனான். இனி 'ஆனார்' என்று மரியாதையாகவே எழுதுகிறேன். ரொட்டி திருடியபோது மட்டும் 'ஆனான்' என்று எழுதியது தப்போ என்று இப்போது தோன்றுகிறது. இருக்கட்டும்.

இதுவரை அவர் சம்பாதித்த கதை. இனிமேல்தான் இழந்த கதை.

முதல் சோதனை: வண்டி

ஒரு நாள் கிழவர் ஒருவர் பாரவண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டார். வண்டி சேற்றில் இறங்க இறங்க நெஞ்சு நசுங்குகிறது. யாராவது அடியில் நுழைந்து முதுகால் தூக்கினால்தான் பிழைப்பார். அங்கே போலீஸ் அதிகாரி ஜாவர் நிற்கிறார். இவ்வளவு பலம் உள்ளவன் ஒருவனைத்தான் தனக்குத் தெரியும், அவன் ஒரு சிறைக் கைதி என்று ழான் வல்ழானைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். தூக்கினால் தன்னை யாரென்று ஜாவர் கண்டுகொள்வார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அடியில் நுழைந்து தூக்கினார். இத்தனைக்கும் அந்தக் கிழவர் அவரைப் பிடிக்காதவர்.

இது பெரிய தியாகம்தான். ஆனாலும் இதைவிட அடுத்தது கஷ்டம் என்பது என் கருத்து. இதில் யோசிக்க நேரமே இல்லை. கிழவர் கண் முன்னால் கத்துகிறார். யோசிக்க நேரம் கிடைத்து, தப்பிக்க வழியும் இருந்து, அப்புறமும் ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் முழு மனசு தெரியும்.

பெரிய சோதனை: ஒரு ராத்திரி

1823. ஒரு நாள் ஜாவர் வந்து, "என்னை வேலையை விட்டு நீக்குங்கள்" என்கிறார். மேயர்தான் பழைய கைதி என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டாராம். ஆனால் உண்மையான ழான் வல்ழான் வேறு ஊரில் பிடிபட்டுவிட்டானாம். அவன் பெயர் ஷான்மாத்தியே. ஆப்பிள் கிளை ஒன்றைக் கையில் வைத்திருந்ததற்காகப் பிடித்தார்கள். பழைய கைதிகள் சிலர் 'இவன்தான் ழான் வல்ழான்' என்று சாட்சி சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஆராஸ் நகரத்தில் விசாரணை. ஆயுள் முழுக்கக் கடின வேலைதான் தண்டனை.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். மேயர் எதுவுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவரைத் தேடும் வேலை என்றைக்கும் முடிந்துபோகும். யாருக்கும் தெரியாது.

அந்த ராத்திரி முழுக்க அவர் அறைக்குள்ளேயே நடக்கிறார். ஒரு மனசு சொல்கிறது, நீ போனால் தொழிற்சாலை மூடும், ஊர் நாசமாகும். ஃபான்டீன் என்ற ஏழைத் தாய் நோயில் கிடக்கிறாள், அவள் குழந்தை கோசெத்தை அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய், அது என்ன ஆகும்? ஓர் ஆப்பிள் திருடனுக்காக இத்தனை பேரையும் கைவிடலாமா? இன்னொரு மனசு எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. அது தப்பு என்று மட்டும் சொல்கிறது. பழைய துணிகளை நெருப்பில் போடுகிறார். பாதிரியார் கொடுத்த வெள்ளித் தண்டுகளையும் போடப் போகிறார். கை வரவில்லை.

விடியும் முன்னே ஒரு சின்ன வண்டியில் கிளம்புகிறார். அப்போதுகூட முடிவு எடுக்கவில்லை. வழியில் சக்கரம் உடைகிறது. சரி செய்ய ஒரு நாள் ஆகும் என்கிறார் சக்கரம் செய்பவர். வேறு வண்டி உண்டா என்று கேட்கிறார், இல்லை. அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! 'நான் முயற்சி செய்தேன், முடியவில்லை, என் மேல் குற்றம் இல்லை' என்று நினைக்கிறார். அதற்குள் இவர் பேச்சைக் கேட்ட ஒரு பையன் ஓடிப்போய், வண்டி வைத்திருக்கும் ஒரு கிழவியை அழைத்து வந்துவிடுகிறான். மறுபடி கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தியாகம் செய்பவர்கள் பயப்படாமல் நேராகப் போய்விடுவார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு இருந்தேன். இவர் நீதிமன்றக் கதவுக் குமிழைப் பார்த்துவிட்டு, நடை வழியே திரும்பி ஓடுகிறார். அப்புறம் தானாகவே திரும்பி வருகிறார். அப்படிப் பயந்தவர் போனதால்தான் அது தியாகம். பயமே இல்லாதவருக்கு இழக்க என்ன இருக்கிறது?

உள்ளே போய், "நான்தான் ழான் வல்ழான்" என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. மேயருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, இங்கே வைத்தியர் யாராவது இருக்கிறாரா என்று கேட்கிறார்கள். அப்புறம் சாட்சிக்கு வந்த மூன்று கைதிகளைப் பற்றியும், கூட இருந்தவருக்கு மட்டுமே தெரியும் அடையாளங்களைச் சொல்லி, தான்தான் அந்த ஆள் என்று தானே நிரூபிக்கிறார். பொதுவாக நீதிமன்றத்தில் தப்பிக்கத்தான் ஆதாரம் காட்டுவார்கள். இவர் மாட்டிக்கொள்ள ஆதாரம் காட்டுகிறார். ஷான்மாத்தியே விடுதலை ஆனான். நரை ஓடியிருந்த இவர் தலைமுடி அன்றைக்கு முழுவதும் வெளுத்துவிட்டது.

வகுப்பில் நடந்த சண்டை

இதை நான் மதிய இடைவேளையில் சொன்னதும் என் தோழி ஒருத்தி சண்டைக்கு வந்துவிட்டாள். "ஒரு ஆளுக்காக ஊரையே விட்டுட்டாரே, அது எப்படிடி நல்லது? ஃபாக்டரில வேலை பார்த்தவங்க எல்லாம் என்ன ஆனாங்க?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். அவர் போனபின் அந்தத் தொழில் சரிந்து, ஊர் நொடித்துப்போனது. ஃபான்டீன் மகளைப் பார்க்காமலே இறந்தாள். ஹ்யூகோ எதையும் மறைக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்துத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. மேயர் பதவி அவருடையது, பணம் அவருடையது, நல்ல பெயர் அவருடையது. இதையெல்லாம் அவர் விட்டுக்கொடுக்கலாம். ஷான்மாத்தியேவின் வாழ்க்கை அவருடையது இல்லை. ஊர் நல்லா இருக்கணும் என்று அதை எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. தன்னுடையதைக் கொடுத்தால்தான் தியாகம். அடுத்தவருடையதைக் கொடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. 19 வருஷம் திருடன் என்று பெயர் வாங்கியவருக்கு அது நன்றாகப் புரிந்திருக்கிறது. தன் கணக்கை இன்னொருவன் தலையில் எழுத விடக் கூடாது என்பதுதான் எதை இழந்தாலும் அவர் விடாத ஒன்று.

"அப்போ ஊரு?" என்று அவள் இன்னும் கேட்கிறாள். சண்டை முடியவில்லை.

மற்றவர்கள் இழந்தவை

ஃபான்டீன் தன் குழந்தைக்காக முதலில் கூந்தலை விற்றாள், 10 பிராங்க். அப்புறம் முன்பற்கள் இரண்டையும் விற்றாள், 40 பிராங்க். அவள் வேலை பார்த்தது இதே மேயரின் தொழிற்சாலையில்தான். அவருக்குத் தெரியாமலே, அங்கே மேற்பார்வை பார்த்த பெண் அவளை நீக்கிவிட்டாள். ஃபான்டீன் செய்ததையும் தியாகம் என்கிறோம். அது அவள் தாய்ப்பாசத்தைக் காட்டுகிறது, உண்மை. ஆனால் வேறு வழி இருந்திருந்தால் அவள் பல்லை விற்றிருப்பாளா? அந்த இடத்தில் அவள் மனசு பாதிதான் தெரிகிறது. மீதிப் பாதியில் தெரிவது அவளை அந்த நிலைக்குத் தள்ளியவர்களின் மனசு. அதனால் யாரையாவது 'தியாகி' என்று புகழும் முன்னே, அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

ஜாவரும் தியாகம் செய்யத் தயாராக இருந்தார். தான் தப்பு செய்ததாக நினைத்ததும் தன்னை வேலையை விட்டே நீக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று அவரிடம் இல்லை. அவரும் நேர்மையானவர்தான். ஆனால் சட்டத்துக்கு மேலே இரக்கம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவில்லை. ஆக, தியாகம் ஒருவர் மனசில் இருப்பதைக் காட்டும். அது போதுமா என்று சொல்லாது.

சிம்ப்ளீஸ் என்ற கன்னியாஸ்திரி வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொல்லாதவர். ழான் வல்ழானைத் தேடி ஜாவர் வந்தபோது, அவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இரண்டு பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழகியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. அவருக்கோ அதுதான் இருந்ததிலேயே பெரிய சொத்து.

பின்னால் ழான் வல்ழான் சிறையிலிருந்து தப்பி, கோசெத்தை எடுத்து வளர்க்கிறார். 1832இல் பாரிஸ் நகரத்துக் கலகத்தில் ஜாவர் அவர் கையில் சிக்குகிறார். சுடாமல் அனுப்பிவிட்டு, தன் முகவரியையும் சொல்லி அனுப்புகிறார். கோசெத் விரும்பும் மாரியுஸ் அடிபட்டுக் கிடக்கும்போது, பாதாளச் சாக்கடை வழியாகத் தோளில் தூக்கிப்போய்க் காப்பாற்றுகிறார். தன்னிடம் இருக்கும் ஒரே பெண்ணைக் கூட்டிப் போகப் போகிறவன் அவன்தான் என்று தெரிந்தே தூக்கினார். கல்யாணத்தில் ஏறக்குறைய ஆறு லட்சம் பிராங்கைக் கோசெத்துக்குக் கொடுத்துவிட்டு, மறுநாளே மாரியுஸிடம் தன் பழைய கதையைச் சொல்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆராஸில் செய்ததையே மறுபடியும் செய்கிறார். கடைசியில் இறக்கும்போது, பாதிரியாரின் அந்த இரண்டு தண்டுகளிலும்தான் மெழுகுவத்தி எரிகிறது.

என் கணக்கு

கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இதை எழுதிவிட்டு அடுத்ததை எழுதாமல் இருந்தால் நான் எழுதியது எல்லாம் வெறும் மதிப்பெண்ணுக்காக.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் பள்ளி உலக உருண்டை உடைந்தது எல்லாருக்கும் தெரியும். சமூக அறிவியல் டீச்சர் இல்லாத நேரத்தில் நான் அதை வேகமாகச் சுற்றி விளையாடினேன். தாங்கி முறிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. நிற்கிற மாதிரி ஒட்டுக்கொடுத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்து அதை எடுக்கப் போன எட்டாம் வகுப்புத் தங்கை தொட்டதும் உருண்டை கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. அவளுக்குத் திட்டு விழுந்தது. அவள் அப்பாவை வரச் சொன்னார்கள். அன்றிலிருந்து எல்லாரும் அவளை 'உலகத்தை உடைச்சவ' என்று கூப்பிடுகிறோம். ஒரு தடவை நானும் கூப்பிட்டேன்.

எனக்கும் மேயர் மாதிரியே காரணங்கள் இருந்தன. நான் வகுப்புத் தலைவி, சுவரிதழ்க் குழுவில் இருக்கிறேன், எங்க அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாங்க, அவளுக்குக் கிடைத்ததோ திட்டுதானே, அதுவும் முடிந்துபோச்சே. வாய்மை அதிகாரத்தில் பத்துக் குறளையும் பிழையில்லாமல் ஒப்பித்தவள் நான். வாயை மூடிக்கொண்டு இருப்பதும் பொய்தான் என்று இந்தப் புத்தகம் படிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

போன வாரம் டீச்சரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு" என்றார். சொன்னேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "எங்கப்பாவுக்கு அன்னிக்கு ஒரு நாள் கூலி போச்சு, தெரியுமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது. ஒரு திட்டோடு முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டு இருந்தேன். என் கணக்கை அவள் மட்டும் கட்டவில்லை, அவள் அப்பாவும் கட்டியிருக்கிறார்.

இதைச் சுவரிதழில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எம் பேரு வேணாம். ஆனா நான் உடைக்கலன்னு பெரிசா எழுதுங்க" என்றாள். அதனால் கீழே உள்ள வரியை மட்டும் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

உலக உருண்டையை அவள் உடைக்கவில்லை. நான்தான் உடைத்தேன்.

இதை யாரும் தியாகம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் எதையும் கொடுக்கவில்லை. அவளிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தருகிறேன், அதுவும் இரண்டு மாதம் கழித்து. அந்த ஒரு நாள் கூலியை எப்படித் திருப்பித் தருவது என்று இன்னும் யோசித்துக்கொண்டு இருக்கிறேன். இனி அவளை யாரும் அந்தப் பெயரில் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டே ஆகணும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

நீங்களும் சிந்தியுங்கள்

உங்களுக்குப் பிடித்த கதைநாயகன் ஒருவரை எடுத்துக்கொண்டு இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள்.

1. அவர் எதை இழந்தார்? எதை விடவே இல்லை?
2. யாருக்கும் தெரியாமல் தப்பிக்க வழி இருந்ததா?
3. தானாக விரும்பிக் கொடுத்தாரா, வேறு வழியில்லாமல் கொடுத்தாரா?
4. கொடுத்தது அவருடையதா, அடுத்தவருடையதா?

நல்ல விடைகளை அடுத்த இதழில் ஒட்டுவோம். என் தோழியின் "அப்போ ஊரு?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர்களும் எழுதிக் கொடுக்கலாம். நானும் அவளும் காத்திருக்கிறோம்.